ஒரே அடுப்பில் இரண்டு பத்தியம்

நான் விழுந்தபோது அங்கே இருந்தவர்கள்: என் அக்காவின் கணவர் கொளஞ்சி மாமா, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிவந்த ஒரு டிராக்டர் டிரைவர், எடை மேடைக்குப் பக்கத்தில் எப்போதும் படுத்திருக்கும் ஒரு நாய். இல்லாதவர்கள்: அம்மா, அக்கா. அம்மா வீட்டில் எனக்கான ஒருவேளைச் சாப்பாட்டைச் சமைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை அக்கா முந்தின நாள் டயாலிசிஸ் செய்துகொண்டு வந்த அசதியில் படுத்திருந்தாள்.

இதை முதலிலேயே சொல்லிவிடக் காரணம் இருக்கிறது. அதற்கு முன்னும் பின்னும் எங்கள் வீட்டில் எல்லோரும் எல்லோரையும் சந்தேகப்பட்டோம். அந்த நேரத்தில் யார் எங்கே இருந்தார்கள் என்பதாவது சந்தேகத்துக்கு இடமில்லாமல் இருக்கட்டும்.

மாமா சின்னசேலம் பக்கத்தில் ஒரு ஜவ்வரிசி ஆலையில் எடை போடுகிறவர். ஞாயிற்றுக்கிழமை காலையில் அங்கே வேலை குறைவு. அன்றுதான் சாக்கு நிறுக்கும் மேடையில் என்னை ஏற்றுவார். செருப்பைக் கழற்றச் சொல்வார். போனை வாங்கிக்கொள்வார். சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பார். கிழங்கை நிறுக்கும்போது ஒட்டியிருக்கும் மண்ணுக்கு ஒரு கழிவு உண்டு. அதேபோல் என் வேட்டி சட்டைக்கு அரைக் கிலோ கழிப்பார்.

"எம்பத்தாறு," என்றார் அன்று. "போன வாரமும் எம்பத்தாறு. அதுக்கு முந்தின வாரமும் எம்பத்தாறு. இன்னா மச்சான், கல்லு கூட வெயில்ல கெடந்தா தேயும். நீ தேய மாட்டேங்கறியே?"

பதில் சொல்ல வாயைத் திறந்தேன். கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. நெஞ்சுக்குள் மீன் துள்ளியதுபோல் ஏதோ புரண்டது. மேடையின் மேலேயே சரிந்தேன்.

"டேய், நடிக்காத," என்று மாமா சொன்னது காதில் விழுந்தது.

"நடிக்கிறவன் மொகம் இப்பிடி வெளுக்காதுங்க. தூக்குங்க மொதல்ல," என்றது இன்னொரு குரல், டிராக்டர் டிரைவருடையது.

மாமா பின்னால் ஒருநாள் சொன்னார்: நான் நினைவில்லாமல் குறுக்கே கிடந்தபோதும் மேடை எண்பத்தாறையே காட்டிக்கொண்டிருந்ததாம்.

அந்த எடைக்கு எங்கள் வீட்டில் இருந்த முக்கியத்துவம் என்னவென்று சொல்ல வேண்டும். அக்காவின் இரண்டு சிறுநீரகங்களும் செயலிழந்துவிட்டன. முதலில் கால் வீங்கியது, பிறகு முகம். சோதித்துப் பார்த்தபோது கிரியாட்டினின் ஏகத்துக்கு ஏறியிருந்தது. தசைகள் வேலை செய்யும்போது உண்டாகும் ஒரு கழிவு அது. சிறுநீரகம் அதை வடிகட்டி வெளியே தள்ள வேண்டும். ரத்தத்தில் அது தேங்கினால் வடிகட்டி அடைத்துவிட்டது என்று அர்த்தம். வாரத்தில் இரண்டு நாள் இயந்திரத்தில் ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். அதற்குப் பிறகு அக்காவும் மாமாவும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார்கள். அம்மா ஒருத்தியின் சமையல்தான் எல்லோருக்கும்.

மாற்றுச் சிறுநீரகத்துக்கு அம்மாவின் ரத்த வகை சேரவில்லை. மாமாவுடையதும் சேரவில்லை. அப்பா இல்லை. நான் சேர்ந்தேன். சென்னைப் பெரிய ஆஸ்பத்திரியில் என்னைப் படுக்க வைத்து வயிற்றில் ஸ்கேன் எடுத்த டாக்டர், "தொண்ணூத்தாறு கிலோ இருக்கீங்க. கல்லீரல்ல கொழுப்பு படிஞ்சிருக்கு. இப்படியே எடுத்தா உங்களுக்கும் ஆபத்து. எண்பதுக்கு இறங்கி வாங்க, மத்ததை அப்புறம் பேசலாம்," என்றார்.

எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் முடித்த முதல் ஆள் நான். நான் படித்த வருடங்களில் அக்கா அதே ஜவ்வரிசி ஆலையில் கிழங்குக்குத் தோல் சீவினாள். ஆகவே யாராவது இதைத் தானம் என்று சொன்னால் எனக்குக் கூச்சமாக இருக்கும்.

வேகமாக இறங்க வேண்டும் என்று போனில் தேடினேன். கீட்டோ என்ற உணவுமுறை கிடைத்தது. அரிசி, கிழங்கு, சர்க்கரை எதையும் தொடக்கூடாது. முட்டை, கறி, கீரை, தேங்காய், எண்ணெய் மட்டும். மாவுச்சத்து வராமல் போனால் உடம்பு வேறு வழியில்லாமல் கொழுப்பை எரிக்கும். அதோடு உபவாசமும் சேர்த்துக்கொண்டேன். ஒரு நாளைக்கு ஒரே வேளை. சில வாரங்களில் இரண்டு நாள் முழுப்பட்டினி. முதல் இரண்டு மாதத்தில் பத்துக் கிலோ போனது. மாமா ஆலையில் எல்லோரிடமும் சொல்லி என்னை அழைத்துப்போய்க் காட்டினார். பிறகு நின்றுவிட்டது. ஒரு மாதத்துக்கு மேல் எண்பத்தாறிலேயே நின்றது.

எடை நின்ற இடத்தில் சந்தேகம் கிளம்பியது.

முதலில் மாமாவுக்கு. நான் திருட்டுத்தனமாகச் சாப்பிடுகிறேன் என்று நினைத்தார். நான் வேலை செய்வது கல்வராயன் மலைமேல் ஒரு பள்ளியில், தற்காலிக ஆசிரியராக. காலையில் கச்சிராயபாளையம் வழியாகப் பஸ் ஏறிப் போய் மாலையில் இறங்குவேன். பஸ் நிற்கும் இடத்துப் பரோட்டாக் கடைக்காரரிடம் மாமா விசாரித்தது எனக்குத் தெரியவந்தது. "உங்க மச்சான் பரோட்டாக் கல்லுப் பக்கமே பாக்கறது இல்லண்ணே," என்று அவர் சொல்லியும் மாமா நம்பவில்லை. இரண்டு கடை தள்ளியும் விசாரித்தார்.

கண்டக்டருக்கு வேறு சந்தேகம். கொழுப்பு எரியும்போது மூச்சில் ஒரு வாடை வரும், அழுகத் தொடங்கிய பழத்தைப்போல. ஒருநாள் டிக்கெட் கொடுக்கக் குனிந்தவர், குரலைத் தாழ்த்திக் கேட்டார்: "சாரு, மேல சாராயம் எங்க கெடைக்குது? நம்ப கிட்ட சொல்லக் கூடாதா?" பக்கத்திலிருந்த அம்மாள் முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஜன்னலோரம் நகர்ந்தார்.

மலையில் இன்னொன்று. பொன்னி என்ற மாணவியின் தாய். மகள் நன்றாகப் படிக்கிறாள் என்று சொல்ல அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாமைச் சோறும் அவரைக்கொட்டைக் குழம்பும் போட்டு வைத்தார். வேண்டாம் என்றேன்.

"எங்க வூட்டு சோறு சாருக்கு ஆவாதுங்களா?" என்றார்.

"அய்யோ, அது இல்லம்மா. டயட்டு. எடை கொறைக்கணும்."

"பழைய வாத்தியாரு வவுறு சரியில்லன்னு சொல்லுவாரு. நீங்க டயட்டுன்னு சொல்றீங்க. தண்ணியாவது குடிப்பீங்களா?"

குடித்தேன். சொம்பை வாயில் வைத்துக் குடிக்கிறேனா, தூக்கிக் குடிக்கிறேனா என்று அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். வாயில் வைத்துத்தான் குடித்தேன். அப்படியும் அவர் முகம் மாறவில்லை. கீழேயிருந்து வருகிற ஆட்கள் எத்தனை காரணம் சொல்வார்கள் என்று அவருக்குத் தெரியும்.

எனக்கோ அம்மாவின்மேல் சந்தேகம்.

எடை நின்றுபோனவர்களின் குழு ஒன்று போனில் இருந்தது. அதில் திரும்பத் திரும்ப ஒரே அறிவுரைதான்: உங்களுக்குத் தெரியாமல் எங்கோ மாவு சேர்கிறது, தேடுங்கள். எங்கள் ஊரில் மாவுக்கா பஞ்சம்? மாமா ஆலையிலிருந்து வந்தால் மீசையில்கூட மரவள்ளி மாவு இருக்கும். அவர் சட்டையை என் தட்டுப் பக்கம் மாட்டக் கூடாது என்றுகூடச் சண்டை போட்டிருக்கிறேன். அம்மா என் கீரையில் அரிசி களைந்த தண்ணீரை ஊற்றுகிறாளோ? குழம்பு கெட்டியாக இருக்கக் கஞ்சி சேர்க்கிறாளோ? பிள்ளை இளைப்பதைப் பார்க்கச் சகிக்காத தாய் எதையும் செய்வாள். அதிலும் அந்தப் பிள்ளையை எதற்காக இளைக்க வைக்கிறோம் என்று நினைத்தால்?

ஒருநாள் பள்ளி முடிந்து முன்னதாகவே வந்தேன். பின்கட்டில் அம்மா என் சட்டியை வைத்துக்கொண்டு குனிந்திருந்தாள். என்னைக் கண்டதும் சட்டென்று முதுகைக் காட்டித் திரும்பினாள்.

"இன்னாம்மா ஊத்தற அதுல?"

"நான் இன்னாத்த ஊத்தறன்? போய் கை கால கழுவு."

தரை ஈரமாக இருந்தது. அவள் கையில் வடிதட்டு இருந்தது. அதையெல்லாம் பார்த்தேன், ஆனால் என் மனம் கஞ்சியைத் தவிர வேறெதையும் தேடவில்லை. அன்று சாப்பாட்டில் உப்பே தெரியவில்லை. கீட்டோவில் நாக்கு மரத்துப்போகும் என்று எங்கோ படித்திருந்தேன். அதுதான் என்று விட்டுவிட்டேன். தொடக்கத்தில் பகல் பட்டினிக்கு எலுமிச்சையும் உப்பும் கலந்த தண்ணீரை நானே பாட்டிலில் எடுத்துப்போவேன். பிறகு அம்மா, "நான் கலந்து தரன், நீ பஸ்ஸ பாரு," என்று அந்த வேலையை எடுத்துக்கொண்டாள். அதிலும் நாளாக ஆக எலுமிச்சை மட்டும்தான் புளித்தது.

இந்த நிலைமையில்தான் எடை மேடையில் விழுந்தேன். மாமா ஒரு ஆட்டோவில் போட்டு முதலில் ஒரு தனியார் கிளினிக்குக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு ஊசி போட்டு, நாடி சரியில்லை, பெரிய இடத்துக்குக் கொண்டுபோங்கள் என்று சொல்லிவிட்டார்கள். ஆம்புலன்ஸில் கள்ளக்குறிச்சி அரசு ஆஸ்பத்திரி.

எங்கள் ஊரில் ஒரு இளவட்டம் வாயில் வாடையோடு மயங்கி விழுந்தால் டாக்டர்கள் முதலில் கேட்பது கள்ளச்சாராயத்தைப் பற்றித்தான். இளம் டாக்டர் ஒருவர் டார்ச்சை என் கண்ணில் அடித்தார்.

"கண்ணு மங்கலா தெரியுதா? என்ன குடிச்சீங்க?"

"எலுமிச்ச தண்ணி."

"மலைக்குப் போறவரா?" என்று மாமாவைக் கேட்டார்.

"மேல வாத்தியாருங்க," என்றார் மாமா.

"எந்த இடத்துல வாங்கினார்னு கேளுங்க. மறைச்சா உயிர் போயிடும். யார் யார் கூடக் குடிச்சாங்கன்னும் சொல்லச் சொல்லுங்க."

வாசலில் நின்ற போலீஸ்காரர் உள்ளே வந்து என் பெயரைக் கேட்டார். மாமா என் முகத்தருகே குனிந்தார். "மச்சான், சத்தியமா யாருகிட்டியும் சொல்ல மாட்டன். குடிச்சியா?" இதே மாமாதான் ஒரு மாதமாக என் வாயைப் பரோட்டாவுக்காக மோந்து பார்த்தவர். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கத் தெம்பில்லை. போனைக் கேட்டு வாங்கி, கீட்டோ குழுவைத் திறந்து டாக்டரிடம் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் படித்தார். போலீஸ்காரரைப் பார்த்துத் தலையசைத்தார். அவர் ஏமாற்றத்தோடு போனார்.

ரத்தம் எடுத்தார்கள். மார்பில் ஒயர்களை ஒட்டி இதயத்தின் துடிப்பைக் காகிதத்தில் கோடாக எடுத்தார்கள். பொட்டாசியம் இரண்டு புள்ளி நாலு. மூன்றரைக்குக் குறையக் கூடாதாம். பொட்டாசியம் என்பது உணவில் இருக்கும் ஒரு தாது. தசை சுருங்கி விரியவும் இதயம் தாளம் தவறாமல் அடிக்கவும் அது வேண்டும். மிகவும் இறங்கினால் இதயம் துள்ளும், பிறகு நிற்கும். சோடியம், அதாவது சாதாரண உப்பில் இருப்பது, அதுவும் இறங்கியிருந்தது.

டிரிப்பில் பொட்டாசியம் ஏற்றும்போது நரம்பு முழுக்க மிளகாய் அரைத்துப் பூசியதுபோல் எரியும். அம்மா வீட்டிலிருந்து சாப்பாடு கொண்டு வந்து பகலில் கூட இருந்தாள். மாமா கட்டிலுக்கு அடியில் பேப்பர் விரித்துப் படுத்தார். கழிவறைக்குப் போனால் டிரிப் கம்பியைத் தூக்கிக்கொண்டு கூடவே வந்தார். என் பனியனைத் துவைத்து ஜன்னல் கம்பியில் காயப்போட்டார். இவ்வளவும் செய்துகொண்டே கேட்டார்:

"நெசமா ஒண்ணு கேக்கறன், கோச்சிக்காத. அறுக்கறதுக்கு பயமா இருக்குதா?"

"பயமாத்தான் இருக்குது மாமா."

"அப்பிடியா." பனியனை மடித்தார். "அப்ப எடை கொறையாதது அதனாலதானா?"

"பயப்பட்டா எடை கொறையாதா? பயத்துல எளைக்கறவனதான் பாத்திருக்கன். பயமா இருந்தா குடுக்கக் கூடாதுன்னு ஏதாச்சும் சட்டம் இருக்குதா?"

அவர் அந்தப் பனியனை மறுபடி பிரித்து மறுபடி மடித்தார்.

வார்டு டாக்டரம்மாவை எனக்குப் பிடித்தது. அவரும் யாரையும் சீக்கிரம் நம்புகிறவர் இல்லை. டிரிப்பில் மூன்றைத் தொட்டது பொட்டாசியம். இனி வாய்வழியே போதும் என்று டிரிப்பை நிறுத்தினார்கள். மறுநாள் பார்த்தால் மறுபடி இறக்கம். அதற்கும் மறுநாள் அதே இடம்.

"மருந்து குடுக்கறோம், சாப்பாட்டுல சொல்லியிருக்கோம், ஏற மாட்டேங்குது," என்று காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கு ஒரு சந்தேகம். உங்க சிறுநீரகமே பொட்டாசியத்தை ஒழுக விடுதோ என்னவோ. ஒரு நாள் முழுக்கச் சிறுநீரைப் பிடிச்சு அனுப்பிப் பார்க்கணும்."

"அப்படி ஒழுகினா?"

"குறை இருக்கற கிட்னியை யாரும் எடுத்து இன்னொருத்தருக்கு வைக்க மாட்டாங்க. தானம் கொடுக்கறதை நீங்க மறந்துட வேண்டியதுதான்."

அதுவரை நான் தரமாட்டேன் என்று சந்தேகப்பட்ட மாமா, முதல்முறையாக என்னால் தர முடியாமல் போகலாம் என்று பயந்தார். இரண்டுக்கும் எவ்வளவு வித்தியாசம் என்பதை அவர் முகத்தில் பார்த்தேன். வெளியே போய்விட்டார். திரும்பி வந்தபோது கண் சிவந்திருந்தது. எனக்கும் அம்மாவுக்கும் டீ வாங்கி வந்திருந்தார். என் டீயில் சர்க்கரை இல்லை.

டாக்டரம்மா சொன்ன மருந்து என்ன, சாப்பாடு என்ன என்று எனக்கு ஒன்றும் தெரியாது. அதைச் சொன்ன நேரத்தில் என்னை ஸ்கேனுக்குக் கொண்டுபோயிருந்தார்கள். கூட இருந்த அம்மாவிடம்தான் நர்ஸ் எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்திருந்தார். மருந்தை அம்மா சாப்பாட்டில் கலந்து தருகிறாள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்துக் கட்டிலில் நைனார்பாளையத்துக்காரர் ஒருவர் காய்ச்சலுக்குப் படுத்திருந்தார். சிறுநீர் பிடிக்கும் கேனை நான் அலுப்போடு பார்த்துக்கொண்டிருந்தபோது அவர் பேச்சுக் கொடுத்தார்.

"உங்க அம்மா மவராசி தம்பி. மூணு நாளா வேளா வேளைக்கு எளநி எனக்குத்தான். வாழப்பழமும் குடுத்துட்டாங்க. நான் கூட கேட்டன், ஏம்மா உம் புள்ளைக்கு இல்லியான்னு. அவனுக்கு ஆவாதுங்க, நீங்க குடிங்கன்னுட்டாங்க."

மாமா எழுந்து அம்மாவின் மஞ்சள் பையைத் தலைகீழாகக் கொட்டினார். சீப்பு, வெற்றிலை, மூடி திறக்காத ஒரு மருந்து பாட்டில். பொட்டாசியம் சிரப்.

அம்மா வந்தபோது டாக்டரம்மாவும் கட்டிலருகே இருந்தார். அக்காவும் டயாலிசிஸை முடித்துக்கொண்டு, கையில் கட்டோடு என்னைப் பார்க்க வந்திருந்தாள்.

"ஏம்மா, இந்த மருந்தை ஏன் குடுக்கல?" என்றார் டாக்டரம்மா.

அம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தாள். "அது பொட்டாசியம்னு அந்த நர்ஸம்மா சொல்லிச்சிங்க."

"ஆமா."

"பெரியவளுக்கு அது வெஷம்னு டயாலிசிஸ் நர்ஸம்மா அடிச்சு அடிச்சு சொல்லியிருக்காங்க. எளநி கூடாது. வாழப்பழம் கூடாது. தக்காளி கூடாது. காயி, கீர எதுவானாலும் நறுக்கி கொதிக்க வெச்சி அந்த தண்ணிய கொட்டிட்டுத்தான் செய்யணும். உப்பு கூடவே கூடாது." பள்ளிப் பிள்ளை ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தாள். "எனக்கு எழுத தெரியாது. மறந்துடுவன்னு தெனம் சொல்லிப் பாப்பன்."

"அது உங்க பொண்ணுக்கு. பையனுக்கு என்ன வந்தது?"

"அவன் கிட்னிதானே அவளுக்குப் போவுது?" டாக்டருக்கு இதுகூடத் தெரியவில்லையே என்ற ஆச்சரியம் அம்மாவின் குரலில் இருந்தது. "கைப்புள்ளைக்கு வவுத்தால போனா தாய்க்காரி பத்தியம் இருக்கறது இல்லீங்களா? அப்பிடித்தான். அங்க போவப்போறது இங்கியே அந்த பத்தியத்துக்கு பழவிக்கினா, நாளைக்கு அவ வவுத்துல போயி மக்கர் பண்ணாது இல்ல? இவனுக்கு சொன்னா உப்பு வேணும்னு சண்டைக்கு வருவான். அதான் சொல்லல. கறியக் கூட வேவ வெச்சி தண்ணிய கொட்டிட்டுத்தான் குடுத்தன்."

நான் இத்தனை நாள் என் சட்டியில் அவள் எதைச் சேர்க்கிறாள் என்று வேவு பார்த்திருக்கிறேன். அவள் ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

மாமாவுக்கு அது போதவில்லை. "அத்த, எனக்கு ஒண்ணு தோணுது, சொல்லிடறன். பையன படுக்க வெச்சா ஆபரேசன் நின்னுடும்னு நெனச்சீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அம்மா அழவில்லை.

"ரெண்டும் என் வவுத்துல பொறந்ததுதான் மாப்ள. ஒண்ண அறுத்து ஒண்ணுக்கு வெய்யின்னு சொன்னப்ப நான் சரின்னு தலைய ஆட்டினன் பாருங்க, அதுக்கு வேணா என்ன செருப்பால அடிங்க. இதுக்கு அடிக்காதீங்க."

அக்காதான் திடீரென்று சிரிக்க ஆரம்பித்தாள். சிரித்தால் அவளுக்கு மூச்சு வாங்கும், இருந்தும் சிரித்தாள். "இன்னாம்மா நீ, கட்டிக் குடுக்கறதுக்கு முன்னாடி பொண்ணுக்கு மாமியார் வூட்டு சமையல பழக்கற மாதிரி பழக்கியிருக்கற! டேய் தம்பி, எப்பிடிடா துன்ன அத? எனக்கே அந்த சோத்த பாத்தா ஆத்திரம் வரும்."

மாமா தலையைக் குனிந்துகொண்டார். பிறகு அம்மா கையிலிருந்த தூக்குச்சட்டியை வாங்கி, "குடுங்க, நான் கழுவிக்கினு வரன்," என்று போனார். எங்கள் வீட்டில் மன்னிப்பு அப்படித்தான் கேட்கப்படும்.

டாக்டரம்மா கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அம்மாவுக்குத்தான் விளக்கினார், எனக்கு இல்லை. வேலை செய்யாத சிறுநீரகம் உப்பையும் பொட்டாசியத்தையும் வெளியே தள்ளாது. அதனால் அக்கா சாப்பிடக் கூடாது. வேலை செய்கிற சிறுநீரகம், அதிலும் அரிசியை நிறுத்தியவனுடையது, உப்பையும் தண்ணீரையும் அளவுக்கு மேல் வெளியே தள்ளும். பொட்டாசியமும் கூடவே போகும். அவன் மற்றவர்களைவிட அதிகமாகச் சாப்பிட வேண்டும். "ரெண்டு பேருக்கும் பத்தியம் நேர் எதிர். ஒரே அடுப்பா இருக்கலாம், ஒரே சட்டி கூடாது," என்றார். அம்மா அதை இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள்.

பிறகு நான் கேட்டேன். "சரிங்க டாக்டர், நான் எதுவும் திருடித் திங்கல. அம்மாவும் எதையும் சேர்க்கல. அப்புறம் ஏன் எடை நின்னுச்சு?"

"உங்க ஊர்ல ஏரி இருக்கா?"

"இருக்குதுங்க."

"ஏரியில தண்ணி குறைஞ்சா மடையை என்ன பண்ணுவாங்க?"

"முறை வெச்சு, கொஞ்சமா தெறப்பாங்க."

"உடம்பும் அதேதான் செய்யுது. வரத்து நின்னுபோச்சு, பஞ்சம் வந்துடுச்சுன்னு சந்தேகப்பட்டு மடையை இறக்கிடுது. உங்களை அறியாம நடை குறையும். கை கால் அசையறது குறையும். உடம்பு குளிரும். நீங்க ஸ்கூல்விட்டு வந்து என்ன பண்ணுவீங்க?"

"படுத்துடுவன்."

"பாத்தீங்களா. முதல்ல போன பத்துக் கிலோவுலயும் கணிசமா தண்ணி. தசையும் கொஞ்சம் போயிருக்கும். தசை போனா செலவு இன்னும் குறையும். சில சமயம் கொழுப்பு கரைஞ்சுக்கிட்டே இருக்கும், உடம்பு தண்ணியைப் பிடிச்சு வெச்சுக்கிட்டு எடையில காட்டாது. உங்களுக்கு இதுல எது எவ்வளவுன்னு என்னால அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனா பட்டினி போட்டு மிரட்டினா அது பணியாது."

பச்சைக் கிழங்கை ஆலை வாசலில் கொட்டி வைத்தால் இரண்டே நாளில் எடை இறங்கும். மாவு அப்படியேதான் இருக்கும், போனது தண்ணீர். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவன் நான். என் உடம்புக்கு மட்டும் வேறு கணக்கு என்று நினைத்திருக்கிறேன்.

மருந்தைக் குடித்த மூன்றாம் நாள் பொட்டாசியம் நாலைத் தொட்டது. சிறுநீர்ச் சோதனையில் ஒழுக்கு எதுவும் இல்லை. முடிவு வந்த அன்று மாமா நைனார்பாளையத்துக்காரருக்கு ஒரு இளநீர் வாங்கிக் கொடுத்தார். அந்த மனிதர் வாய் திறந்திருக்காவிட்டால் என் சிறுநீரகத்தின்மேல் விழுந்த பழி போயிருக்காது.

அதற்குப் பிறகு எல்லாம் மெதுவாக நடந்தது. டாக்டரம்மா எழுதிக் கொடுத்தபடி மூன்று வேளையும் சாப்பிட்டேன். முட்டை, பருப்பு, காய், அளவாகச் சாமைச் சோறு. மலையில் இரண்டு நிறுத்தம் முன்னதாக இறங்கிப் பள்ளிக்கு நடந்தேன். போகிற வழியில்தான் பொன்னியின் வீடு. ஒருநாள் நானே போய், "சோறு இருக்குதாம்மா?" என்று கேட்டேன். அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "டயட்டு முடிஞ்சிடுச்சுங்களா?" என்றார். கரண்டி கரண்டியாகப் போட்டார். போதும் என்று கை மறித்தபோது பழைய பார்வை வந்தது. இன்னொரு கரண்டி வாங்கிக்கொண்டேன்.

மாமா ஞாயிறுதோறும் நிறுத்தார். ஆனால் சட்டைப் பையைத் தட்டிப் பார்ப்பதை விட்டுவிட்டார். எடை இறங்காத வாரங்களில், "மேடைக்கு ஒடம்பு சரியில்ல, அடுத்த வாரம் பாக்கலாம்," என்பார். அம்மா இரண்டு சட்டிகள் வைத்தாள். அக்காவின் சட்டிக்கு வெள்ளைத் துணி, என் சட்டிக்குச் சிவப்புத் துணி. மாறிவிடுமோ என்று ஒவ்வொரு நாளும் இரண்டையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகே பரிமாறினாள். இடையில் அக்காவுக்கு டயாலிசிஸ் செய்யும் கையின் ரத்தக்குழாயில் அடைப்பு வந்து, இன்னொரு கைக்கு மாற்றினார்கள். அந்த வாரம் எனக்குப் பழையபடி பட்டினி கிடக்கலாமா என்ற யோசனை வந்தது. என் முகத்தைப் பார்த்தே அம்மா கண்டுபிடித்துவிட்டாள். சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரில் உட்கார்ந்திருந்தாள்.

எண்பதைத் தொட எட்டு மாதம் ஆனது. "எம்பது," என்றார் மாமா. உடனே, "வேட்டி கழிவு போவ எழுவத்தொம்போதர," என்று திருத்தினார். கண்ணைத் துடைத்துக்கொண்டே தும்முவதுபோல் நடித்தார்.

ஆபரேஷன் சென்னையில் நடந்தது. ஒரு வாரத்தில் நான் எழுந்து நடந்தேன். விலாவுக்குக் கீழே தழும்பு இருக்கிறது, மழைக்காலத்தில் இழுக்கும். அக்காவுக்கு மூன்று மாதம் ஏற்ற இறக்கமாக இருந்தது. இப்போது கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்று. கடைசியாகச் சோதனைக்குப் போனபோது டாக்டர், பொட்டாசியம் நன்றாக இருக்கிறது, இனி இளநீர் குடிக்கலாம் என்றார்.

ஆஸ்பத்திரி வாசலில் இளநீர் வண்டி நின்றது. மாமா ஒன்று வெட்டச் சொன்னார். அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"இருங்க மாப்ள. டேய், நெசமா டாக்டருதான் சொன்னாரா? இல்ல நீயா சொல்றியா?"

"டாக்டருதாம்மா."

"அவளுக்கா, உனக்கா?"

"அவளுக்குத்தான். எனக்கும்தான். இப்ப ரெண்டு பேருக்கும் ஒரே பத்தியம்."

நம்பாமல் உள்ளே போனாள். நர்ஸிடம் கேட்டுவிட்டு வந்தாள். வந்து, வெட்டிய இளநீரை முதலில் தான் ஒரு வாய் குடித்துப் பார்த்துவிட்டு அக்காவிடம் கொடுத்தாள். அக்கா நிறுத்தாமல் குடித்தாள். கழுத்தில் வழிந்ததைத் துடைத்துக்கொள்ளவும் இல்லை.

காப்பீட்டுத் திட்டத்தில் போனது போக, என் எலுமிச்சைத் தண்ணீரிலிருந்து அன்றுவரை எங்களுக்கு ஆன செலவு ஒரு லட்சத்து நாற்பத்தேழாயிரத்து முந்நூற்று அறுபது ரூபாய். அந்தக் கடைசி அறுபது, அக்கா குடித்த இளநீர்.